சில்லிக்குத் தொட்டுக்க சின்னமன் ரோல்! - ஊரும் சோறும்

"ரெண்டு கிலோ மிளகாப்பொடிய ஒத்த ஆளு ஆறு மாசத்துல எப்படிட்டி தின்னு தீர்ப்பா?"

கோவில்பட்டியிலிருந்து அம்மா போனில் இதைக் கேட்காத வாரம் கிடையாது. அந்த 'ஒத்த ஆளு' என் அக்கா. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலம், லிங்கன் நகரம். அங்கே இருக்கும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் மக்காச்சோளத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். இது ஐந்தாவது வருஷம். நடுவில் ஒரே ஒரு தடவைதான் ஊருக்கு வந்தாள்.

போன நவம்பரில் எனக்குப் பத்து நாள் லீவு கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்ததால் அவரால் வர முடியவில்லை. எனக்கு மட்டும் டிக்கெட். கிளம்பும்போது கையில் மூன்று கிலோ பொடியையும், கூடவே இரண்டு வேலைகளையும் கொடுத்து அனுப்பினார்.

"பொடி எங்க போகுதுன்னு பாரு. அப்படியே எப்ப திரும்பி வருவான்னு நேருல கேட்டுட்டு வா. போன்ல கேட்டா சிக்னல் கட் ஆகுதுங்கா."

ஒமாஹா ஏர்போர்ட்டில் இறங்கி, அங்கிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் லிங்கன். வழி நெடுக அறுவடை முடிந்த சோளக்காடு. வானத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் விளாத்திகுளம் ரோடுதான். சொன்னேன். "அதான் வந்த மொத வாரமே எனக்கு இந்த ஊர் ஒட்டிக்கிச்சு" என்றாள் அக்கா. குளிர் மட்டும் விளாத்திகுளம் இல்லை. காதுக்குள் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தது வியாழக்கிழமை. "சனிக்கிழமை மேட்ச் இருக்கு. ஊரே வேற மாதிரி ஆயிடும், பாரு" என்றாள். மேட்ச் என்றால் காலேஜ் ஃபுட்பால். நம் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். காலேஜ் பசங்க ஆட்டத்துக்கு எதற்கு இவ்வளவு அலப்பறை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால், நெப்ராஸ்காவில் இந்த விளையாட்டுக்குப் பெரிய தொழில்முறை அணி ஒன்றுகூடக் கிடையாது. மாநிலம் மொத்தத்துக்கும் இந்த ஒரு டீம்தான். பெயர் 'கார்ன்ஹஸ்கர்ஸ்'. கதிரிலிருந்து சோளத் தோகையை உரிப்பவர்கள் என்று அர்த்தம். இதைவிட எங்க ஊருக்குப் பொருத்தமான பெயர் வேறென்ன இருக்க முடியும்?

மெமோரியல் ஸ்டேடியம் 1923-ல் திறந்தது. 1962 நவம்பரிலிருந்து அங்கே நடந்த ஒவ்வொரு மேட்சும் ஹவுஸ்ஃபுல் என்பது இவர்களின் கணக்கு. 400 மேட்சுகளைத் தாண்டிவிட்டது. மேட்ச் அன்றைக்கு உள்ளே உட்காரும் சுமார் 85 ஆயிரம் பேரை எண்ணினால், ஒமாஹா, லிங்கனுக்கு அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அந்த ஸ்டேடியம்தான். பார்க்கிற எல்லோரும் இதை நம்மிடம் ஒருமுறை சொல்லிவிடுகிறார்கள். நானும் சொல்லிவிட்டேன்.

சரி, சோற்றுக்கு வருவோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப்போனாள். ஒரு கிண்ணத்தில் சில்லி வந்தது. கொத்துக்கறி, ராஜ்மா மாதிரி பீன்ஸ், தக்காளி, மிளகாய்ப்பொடி எல்லாம் போட்டுக் கொதிக்கவிட்ட கெட்டிக் குழம்பு அது. எங்கள் வீட்டில் மாட்டுக்கறி சாப்பிட மாட்டோம் என்பதால் பீன்ஸ் மட்டும் போட்டதாகக் கேட்டு வாங்கினாள். அதுவரை எல்லாம் சரி. அதே தட்டில், கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னமன் ரோல். பட்டைப்பொடியும் சர்க்கரையும் தடவிச் சுருட்டி வேகவைத்து, மேலே சர்க்கரைப் பாகு ஊற்றிய பன்.

"இது சாப்பிட்ட பெறகா?" என்றேன்.

அக்கா பதில் சொல்லவில்லை. ரோலை ஒரு சுற்றுப் பிய்த்தாள். நேராகச் சில்லியில் முக்கினாள். வாயில் போட்டுக்கொண்டு செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ரசத்தில் ஜிலேபியைத் தோய்த்துத் தின்கிற ஒருத்தியைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. பக்கத்து மேஜையைப் பார்த்தேன். அங்கேயும் அதே. அதற்கடுத்த மேஜையில் ஒரு தாத்தா, ரோலைத் தனியாகவும் சில்லியைத் தனியாகவும் சாப்பிட்டார். "முக்குறவங்க, முக்காதவங்கன்னு இங்க ரெண்டு கட்சி உண்டு. ரெண்டுக்கும் ஆகாது" என்றாள் அக்கா.

இந்த ஜோடி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் எல்லோரும் கையைக் காட்டுவது பள்ளிக்கூடத்து மத்தியானச் சாப்பாட்டை. நெப்ராஸ்காவிலும் அக்கம்பக்கத்து மாநிலங்களிலும் பள்ளி கேன்டீனில் இந்த இரண்டையும் ஒரே தட்டில் போட்டே பல தலைமுறைகளை வளர்த்திருக்கிறார்கள். சில்லி போடும் நாள் என்றால் பிள்ளைகள் மட்டம் போடாமல் வருவார்களாம். நம்ம ஊர் சத்துணவில் முட்டை போடும் நாள் மாதிரி. படித்து முடித்து, கல்யாணம் பண்ணி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் குளிர்காலம் வந்தால் இவர்களுக்கு அந்தத் தட்டு வேண்டும். வேறு மாநிலத்தில் போய் இந்த ஜோடியைக் கேட்டால், நான் அக்காவைப் பார்த்த மாதிரியே இவர்களை முறைப்பார்களாம்.

முக்கிச் சாப்பிட்டீர்களா என்றுதானே கேட்கிறீர்கள்? சாப்பிட்டேன். முதல் வாய் குழப்பம். இரண்டாவது வாயில் எனக்கு அடையும் வெல்லமும் ஞாபகம் வந்தது. காரமான அடையைப் பிய்த்து வெல்லத்தோடு சேர்த்துத் தின்று வளர்ந்தவள் நான். திருநெல்வேலியில் கால் கிலோ அல்வாவைத் தின்றுவிட்டு மேலே ஒரு கை மிக்ஸர் வாங்கிப் போட்டுக்கொள்பவள் நான். இவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன தகுதி? மூன்றாவது வாய்க்கு அக்காவின் ரோலிலும் கை வைத்தேன்.

சாயங்காலம் 'சீஸ் ஃபிரெஞ்சி'. பெயர்தான் பெரிசு. இரண்டு பிரெட்டுக்கு நடுவில் சீஸும் மயோனைஸும் வைத்து, முக்கோணமாக வெட்டி, முட்டை மாவில் நனைத்து, நொறுக்கிய கார்ன்ஃபிளேக்ஸில் புரட்டி, எண்ணெயில் பொரித்து எடுக்கிறார்கள். பிரெட் பஜ்ஜியேதான்! லிங்கனில் ஆரம்பித்த 'கிங்ஸ் ஃபுட் ஹோஸ்ட்' என்ற ஹோட்டல் வரிசை இதைப் பிரபலமாக்கியது. அந்த ஹோட்டல்கள் மூடிப் பல காலம் ஆகிவிட்டது. பஜ்ஜி மட்டும் வேறு கடைகளில் பிழைத்துக் கிடக்கிறது. கூடவே வந்த சாலட்டில் ஆரஞ்சு நிறத்தில் தித்திப்பாக ஒரு சாஸ். அதன் பெயர் 'டோரத்தி லிஞ்ச்'. 1940-களின் கடைசியில், செயின்ட் பால் என்ற சின்ன ஊரின் கிளப் ஒன்றில் சமையல் பார்த்த பெண்மணியின் பெயர் அது. அவர் கைப்பக்குவத்துக்கு ஆட்கள் பாத்திரம் கொண்டுவந்து வாங்கிப்போனார்களாம். இன்றைக்கும் பாட்டிலில் அவர் பெயர்தான். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தக்காளி சாஸில் சர்க்கரை தவறி விழுந்த மாதிரி இருந்தது. இதை அங்கே சத்தமாகச் சொல்லவில்லை.

இவ்வளவு நேரமும் அம்மாவின் இரண்டாவது கேள்வி என் தொண்டையிலேயே உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை 11 மணிக்கு மேட்ச். ஏழு மணிக்கே எழுப்பிவிட்டாள். சிவப்பு ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து என் மேல் எறிந்தாள். வெளியே வந்தால் தெருவே சிவப்பு. வயதானவர்கள், கைக்குழந்தைகள், நாய்க்குட்டி வரைக்கும் சிவப்பு. தலையில் சோளக்கதிர் வடிவத்தில் பஞ்சுத் தொப்பி மாட்டிக்கொண்டு பெரிய மனிதர்கள் கூச்சமில்லாமல் நடந்து போகிறார்கள்.

ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள கார் பார்க்கிங் முழுக்க அடுப்புப் புகை. இதற்கு 'டெயில்கேட்' என்று பெயர். வண்டியின் பின்கதவைத் திறந்து அதையே மேடையாக்கி, சமைத்து, சாப்பிட்டு, பக்கத்து வண்டிக்காரருக்கும் கொடுத்துவிட்டு அப்புறம் மேட்சுக்குப் போவது. குலதெய்வம் கோயிலுக்கு வேன் பிடித்துப்போய் மரத்தடியில் அடுப்பு மூட்டுவோமே, கிட்டத்தட்ட அதுதான். கிடா மட்டும் இல்லை.

அக்காவின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, 70 வயது தாண்டியவர், தன் குடும்பத்தோடு அங்கே இருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டு, கையில் துணி சுற்றிய ஒரு பன்னைக் கொடுத்தார். நீளவாக்கில், சூடாக, உள்ளே ஏதோ அடைத்த பன். "ரன்சா" என்றார்.

ரன்சாதான் இந்த ஊரின் அடையாளம். கொத்திய மாட்டுக்கறி, முட்டைக்கோஸ், வெங்காயம் மூன்றையும் வதக்கி, ஈஸ்ட் மாவுக்குள் வைத்து மூடி, அவனில் வேகவைப்பது. இதன் கதை ரொம்ப நீளம், சுருக்கிச் சொல்கிறேன். 1763-ல் ரஷ்ய மகாராணி கேத்தரின், வெளிநாட்டினரைத் தன் நாட்டில் வந்து விவசாயம் செய்யக் கூப்பிட்டார். ஏராளமான ஜெர்மானியர்கள் போய் வோல்கா ஆற்றங்கரையில் குடியேறினார்கள். 'ராணுவத்தில் சேர வேண்டியதில்லை' என்று அவர்களுக்குக் கொடுத்த சலுகை நூறு வருஷம் கழித்து, 1870-களில் பறிபோனது. கிளம்பினார்கள் அமெரிக்காவுக்கு. லிங்கனில் வந்து இறங்கியவர்கள் ரயில்வேயிலும் பீட்ரூட் சர்க்கரைக் காடுகளிலும் வேலை செய்தார்கள். ஸ்டேடியத்துக்கு வடக்கே இருக்கும் 'நார்த் பாட்டம்ஸ்' பகுதி அவர்கள் குடியிருந்த இடம்தான். காட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஒரு கையில் பிடித்துச் சாப்பிட வசதியாக இருந்தது இந்தப் பன். நம் ஆட்கள் தூக்குவாளியில் கம்மங்கூழ் கொண்டுபோன மாதிரி.

1949-ல் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த சாலி எவரெட் என்ற பெண்மணி, தன் அண்ணன் தம்பி உறவில் ஒருவரான அலெக்ஸோடு சேர்ந்து லிங்கனில் ரன்சா கடை போட்டார். இன்று அது ஊர் ஊருக்குக் கிளை வைத்த பெரிய நிறுவனம், ஸ்டேடியத்துக்குள்ளும் விற்கிறார்கள். ஜனவரி, பிப்ரவரி செவ்வாய்க்கிழமைகளில் ஒரு விளையாட்டு உண்டு. காலை ஆறு மணிக்கு ஃபாரன்ஹீட்டில் எத்தனை டிகிரியோ, அத்தனை சென்ட்தான் ரன்சாவின் விலை. கூட ஃபிரைஸும் கூல்டிரிங்க்ஸும் வாங்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா இந்த ஊரில் குளிரைத் திட்டாத ஒரே நாள் அதுவாம்.

நான் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினேன். மாட்டுக்கறி ஆயிற்றே. எப்படிச் சொல்வது என்று அக்காவைப் பார்த்தேன். அவள் பன்னின் மேல்புறத்தைக் காட்டினாள். முள்கரண்டியால் குத்திய மூன்று புள்ளிகள்.

"மூணு குத்து இருந்தா கோழிக்கறி. நம்மளுக்குன்னு தனியா செய்வாங்க. நான் வந்த மொத வருஷத்துலருந்து."

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் கடித்தேன். முட்டைக்கோஸின் லேசான இனிப்பு, மிளகு வாசம், மெத்தென்ற பன். காரம்தான் பத்தவில்லை. 'அம்மா கையில் கிடைத்தால்...' என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் பழக்கமான ஒரு நெடி. திரும்பினேன்.

ஆன்ட்டியின் மகன் பெரிய பாத்திரம் ஒன்றில் சில்லி கிண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில், வண்டியின் பின்கதவு மேல், எங்கள் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டில்! மூடியில் அம்மாவின் கையெழுத்து: 'மி.பொடி'. மனிதர் ஒரு குழிக்கரண்டியை உள்ளே விட்டு அள்ளிப் போடுகிறார். பதறிவிட்டேன். மல்லி, சீரகம், மிளகு எல்லாம் வறுத்து, மிஷினில் வரிசையில் நின்று அரைத்த பொடி அது!

"வருஷா வருஷம் சீசன் முழுக்க இதான் நடக்கு. நம்ம பொடி போட்ட சில்லிக்கு நாலு வண்டி தள்ளி இருந்தெல்லாம் கிண்ணத்தோட வாராங்க. அம்மாட்ட சொல்லிராதட்டி" என்றாள் அக்கா.

முதல் வேலை முடிந்தது.

ஸ்டேடியத்துக்குள் நடந்ததை என்னால் ஒழுங்காக விவரிக்க முடியாது. விதி ஒன்றும் புரியவில்லை. ஓடுகிறார்கள், விழுகிறார்கள், விளம்பரம் போடுகிறார்கள். ஒரு பக்கம் 'ஹஸ்கர்' என்று கத்த, எதிர்ப்பக்கம் 'பவர்' என்று திருப்பிக் கத்துகிறது; அதில் மட்டும் கலந்துகொண்டேன். நடுவில் ஒருவர் ஹாட் டாக் வடிவத் துப்பாக்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். காற்றழுத்தத்தில் அது நிஜ ஹாட் டாக்கைப் பேப்பரில் சுற்றிக் கூட்டத்துக்குள் சுடுகிறது. ஃபேர்பரி என்ற உள்ளூர்க் கம்பெனியின் ஹாட் டாக். 85 ஆயிரம் பேர் கல்யாண வீட்டில் பூ பிடிக்கிற மாதிரி கையை நீட்டுகிறார்கள். சாப்பாட்டைத் தூக்கி எறியக் கூடாது என்று வளர்க்கப்பட்டவளுக்கு இது கொஞ்சம் ஓவர்தான். ஆனாலும் கையை நீட்டினேன். கிடைக்கவில்லை.

மூன்றாவது குவார்ட்டரில் டீம் பின்தங்கிவிட்டது. கூட்டம் அமைதியானது. இதைவிட்டால் நேரம் கிடைக்காது என்று கேட்டுவிட்டேன். "எப்பக்கா ஊருக்கு வார?"

அவள் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்கயே ரெண்டு வருஷம் வேலை குடுத்திருக்காங்க. மழை கம்மியானாலும் தாக்குப்பிடிக்கிற சோளம், அதுலதான். திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். ஒரு வாரமா யார்கிட்டயும் சொல்லல."

2018-ல் தமிழ்நாட்டுக்குள் படைப்புழு வந்தபோது எங்கள் அப்பா போட்டிருந்த சோளத்தில் பாதிக்கு மேல் போனது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்கிற புழு. அப்பா ஒவ்வொரு குருத்தாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வரப்பில் போனதும், அக்கா பின்னாலேயே நோட்டுடன் போனதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தப் புழு இந்த அமெரிக்கக் கண்டங்களிலிருந்துதான் கிளம்பி வந்தது. இவள் அது வந்த வழியில் எதிர்த்திசையில் போனாள். படித்து முடித்ததும் வந்துவிடுவாள் என்பதுதான் வீட்டில் எல்லோருடைய கணக்கும்.

'வந்துரு' என்று சொல்ல வாய் வந்தது. மடியில் பாதி ரன்சா இருந்தது, மூன்று குத்துகளோடு. சொல்லவில்லை. "அம்மாகிட்ட நீயே சொல்லு. சிக்னல் கட்டாயிருச்சுன்னு மட்டும் சொல்லாத" என்றேன். சிரித்தாள். அழுதாளா என்றும் சந்தேகம், குளிரில் எல்லோருக்கும் கண்ணில் நீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. மேட்ச் தோற்றுவிட்டார்கள். வெளியே வந்து மறுபடி அடுப்பைப் பற்றவைத்து, மிச்சச் சில்லியைச் சூடாக்கி, தோற்றதற்கான காரணங்களை இரண்டு மணி நேரம் பேசினார்கள்.

ஞாயிறு காலை ஒன்பது மணி, ஊரில் ராத்திரி எட்டரை. வீடியோ காலில் அம்மாவும் அப்பாவும். அக்கா ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். வேலை, இரண்டு வருஷம், அடுத்த மே மாதம் கட்டாயம் ஒரு மாத லீவில் வருவது, எல்லாம்.

அப்பா "என்ன சோளம்? எத்தன நாள் பயிரு?" என்று கேட்டுவிட்டு, அவள் சொன்ன பதிலுக்குத் தலையாட்டினார். அம்மா ஒன்றும் பேசவில்லை. போன் ஸ்கிரீனில் முகத்துக்குப் பதில் சீலிங் ஃபேன் தெரிந்தது. ரொம்ப நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்தான் தாங்காமல் உடைத்துவிட்டேன். பொடி எங்கே போகிறது, ஹார்லிக்ஸ் பாட்டில், குழிக்கரண்டி, மூன்று குத்து போட்ட பன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

ஃபேன் அசைந்தது. அம்மாவின் முகம் வந்தது.

"குழிக்கரண்டியிலயா அள்ளுதான்?"

"ஆமாம்மா."

"அது குழம்புக்கு அரைச்சதுட்டி. பீன்ஸுல போடணும்னா மல்லியைக் கொறைச்சு வேற மாதிரில்லா அரைக்கணும். அந்தம்மாட்ட எத்தன பேருக்குச் செய்யுதாங்கன்னு கேட்டுச் சொல்லு."